லேபிளில் பெயர் இல்லாத குரல்: பழைய லண்டன் நடன இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய சாமான் கடை ஒன்றில், பக்திப் பாட்டுத் தட்டுகளுக்கு அடியில் அது கிடந்தது. நாய் படம் போட்ட கருஞ்சிவப்பு லேபிள். ‘ரே நோபிள், நியூ மேஃபேர் ஆர்கெஸ்ட்ரா’ என்று தங்க எழுத்து. அதற்குக் கீழே ‘ஃபாக்ஸ் டிராட், வோகல் ரிஃப்ரெய்னுடன்’. ஆட்டத்தின் பெயர் அது, நடுவில் ஒரு பாட்டுச் சரணமும் உண்டு என்று பொருள்.

“அது இங்கிலீஷ் டான்ஸ் பிளேட்டு சார். யாரும் கேக்கறதில்ல” என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து போட்டேன். முதலில் வயலின், பிறகு சாக்ஸபோன், அப்புறம் ஒருவர் பாட ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு ஆளுக்காகப் பாடுவதுபோல அப்படி ஒரு நெருக்கம். ஒரு சரணம் பாடினார், போய்விட்டார். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவர் பெயர் எங்கேயும் இல்லை. அவர் ஆல் பௌலி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. அந்தச் சில வாரங்களில்தான் இந்த இசையைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

1920களிலும் 30களிலும் லண்டனில் பதிவான நடன இசைத்தட்டுகளுக்குள் புதிதாக நுழைய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: லேபிளில் பெயர் போடாத ஆளைத் தேடுங்கள். அந்தத் தேடலே மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடும்.

யார் வாசித்தார்கள், எங்கே வாசித்தார்கள்

அந்தக் காலத்து லண்டனில் பெரிய ஹோட்டல்களும் உணவகங்களும் தங்களுக்கென்று நடன இசைக்குழு வைத்திருந்தன. சவாய் ஹோட்டலில் சவாய் ஆர்ஃபியன்ஸ், மேஃபேர் ஹோட்டலில் 1927 முதல் ஆம்ப்ரோஸ். பிக்காடிலியில் மான்செய்னர் என்ற உணவகத்தில் 1931ல் ராய் ஃபாக்ஸ் வாசிக்க ஆரம்பித்தார், அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது பொறுப்பு லூ ஸ்டோன் கைக்கு வந்தது. வசதி படைத்தவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஆடுவதற்கான இசை இது. ஆனால் பி.பி.சி. இதை ஹோட்டல்களிலிருந்தே நேரடியாக ஒலிபரப்பியது. அதனால் சவாய் வாசலை ஒருநாளும் மிதித்திராதவர்களும் வீட்டு வானொலியில் கேட்டார்கள், மறுநாள் தட்டு வாங்கினார்கள். பி.பி.சி.யே 1928ல் ஜாக் பெய்ன் தலைமையில் சொந்தக் குழு ஒன்றை அமைத்தது. 1932ல் அந்த இடத்துக்கு ஹென்றி ஹால் வந்தார்.

இன்னொரு வகைக் குழுவும் உண்டு. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். தட்டுக் கம்பெனிகள் ஸ்டூடியோவுக்கென்றே குழு வைத்திருந்தன. ‘நியூ மேஃபேர் ஆர்கெஸ்ட்ரா’ நாய் மார்க் கம்பெனியான எச்.எம்.வி.யின் அத்தகைய குழு. மேஃபேர் ஹோட்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹோட்டலில் வாசித்தவர் ஆம்ப்ரோஸ், ஸ்டூடியோக் குழுவை நடத்தியவர் முதலில் கேரல் கிப்பன்ஸ், 1929 முதல் ரே நோபிள். நோபிள் எந்த ஹோட்டலிலும் இரவு முழுக்க வாசிக்க வேண்டியதில்லை என்பதால் பல குழுக்களின் நல்ல கலைஞர்களைப் பகலில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்தார். இரவில் லூ ஸ்டோனுடன் மான்செய்னரில் பாடிய பௌலி, பகலில் நோபிளுக்குப் பாடினார். ஆம்ப்ரோஸிடம் டிரம்பெட் வாசித்த மேக்ஸ் கோல்ட்பர்க்கும் நோபிளின் தட்டுகளில் இருக்கிறார். லேபிளில் இருப்பது தலைவரின் பெயர் மட்டும்தான். உள்ளே இருப்பவர்களைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தட்டு வாங்காதீர்கள், முதலில் கேளுங்கள்

ஆர்வத்தில் உடனே கிராமபோன் தேடிக் கிளம்ப வேண்டாம். ஒரு மாதம் வெறுமனே கேளுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்த வகைத் தட்டுகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. யூட்யூபிலும் தட்டு சேர்ப்பவர்கள் தங்கள் தட்டுகளை ஓடவிட்டுப் பதிவேற்றுகிறார்கள். நல்ல ஹெட்போன் போதும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் ரே நோபிள் எழுதி, பௌலி பாடிய மூன்று பாட்டுகள்: ‘குட்நைட் ஸ்வீட்ஹார்ட்’ (1931), ‘லவ் இஸ் த ஸ்வீட்டஸ்ட் திங்’ (1932), ‘த வெரி தாட் ஆஃப் யூ’ (1934). முதல் பாட்டை நோபிள் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதினார், மற்ற இரண்டும் அவருடையவை மட்டுமே. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் பௌலியின் குரல் காதில் பதிந்துவிடும். வரியின் கடைசிச் சொல்லில் லேசாக நடுங்கும், ஆனால் அழமாட்டார். சொற்களை அவசரமில்லாமல், பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் எங்கேயோ வைப்பார். அதன்பிறகு லூ ஸ்டோன் குழுவின் 1932-34 தட்டுகளில் அதே குரலைத் தேடுங்கள். குரல் அதே குரல், பின்னால் இருக்கும் இசை வேறு. நோபிளின் இசை வழவழப்பானது, ஸ்டோனிடம் இன்னும் துள்ளல் உண்டு. நாட் கொனெல்லாவின் டிரம்பெட் வந்துவிட்டால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

அடுத்த பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்’ என்ற பாட்டை ஓடிஸ் ரெடிங் 1966ல் பாடிய விதத்தில் பலருக்கும் தெரியும். அதை முதன்முதலில் பதிவு செய்தது ரே நோபிளின் குழு, 1932 டிசம்பரில். பாடியவர் வால் ரோசிங். அதே 1932ல் ஹென்றி ஹாலின் பி.பி.சி. குழு ‘டெடி பேர்ஸ் பிக்னிக்’ என்ற குழந்தைப் பாட்டைப் பதிவு செய்தது. இன்றும் ஆங்கிலேயக் குழந்தைகளுக்குத் தெரிந்த பாட்டு அது. அதன் தாழ்ந்த ஒலிகளும் உச்ச ஒலிகளும் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பி.பி.சி. பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்க அந்தத் தட்டைத்தான் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். அதைப் பாடியவரும் வால் ரோசிங்தான்! இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேளுங்கள். ஒன்று களைத்துப்போன மனைவியிடம் பரிவாக இரு என்று சொல்லும் பாட்டு, மற்றது காட்டுக்குள் கரடிகள் சுற்றுலா போகும் கதை. அதே ஆண்டு, அதே தொண்டை. இது ஒரே ஆள்தான் என்று உங்கள் காதே சொல்லும் நாள் வரும்போது நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

மூன்று நிமிடத்தை மூன்று தடவை

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பிடிக்கும். அந்த இடத்துக்குள் ஒரு குழு செய்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலும் இப்படி நடக்கும்: சின்னத் தொடக்கம், பிறகு முழு மெட்டையும் வாத்தியங்கள் ஒருமுறை வாசிக்கும், அப்புறம்தான் பாடகர். அவருக்குக் கிடைப்பது ஒரே சுற்று, பெரும்பாலும் 32 தாளக்கட்டுகள். அவர் உட்கார்ந்தபின் வாத்தியங்கள் மறுபடி எடுத்து முடித்துவைக்கும். நம் சினிமாப் பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு, பாடகர் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார், ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறார் என்று முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். இது ஆடுவதற்கான இசை. ஆடுபவர்களுக்குப் பாடகரும் ஒரு வாத்தியம்தான். ‘வோகல் ரிஃப்ரெய்ன்’ என்று மட்டும் போட்டுப் பெயரை விட்டதற்கும் அதுதான் காரணம்.

ஒரே தட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பாடகரை. இரண்டாவது தடவை பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பாஸ், டிரம்ஸ், கிட்டார் மூன்றையும் மட்டும். ஆடுபவர்களின் கால் அங்கேதான் இருக்கிறது. லேபிளில் ‘ஃபாக்ஸ் டிராட்’, ‘வால்ட்ஸ்’, ‘குவிக் ஸ்டெப்’, ‘ரும்பா’ என்று போட்டிருப்பது பாட்டின் வகையல்ல, ஆடவேண்டிய ஆட்டம். மூன்றாவது தடவை, பாடகர் பாடும்போது அவருக்குப் பின்னால் யார் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வயலினோ, மூடி போட்ட டிரம்பெட்டோ, கிளாரினெட்டோ, அவர் மூச்சு விடும் இடைவெளியில் இரண்டு சுரம் வைத்துவிட்டு ஒதுங்கும். அந்த இரண்டு சுரத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போடும் தட்டுகள் உண்டு.

ஆட்டத்தையே புரிந்துகொள்ள விரும்பினால் விக்டர் சில்வெஸ்டரின் தட்டுகளைக் கேளுங்கள். அவரே 1922ல் உலகச் சாம்பியனாக இருந்த நடனக்காரர். பாட்டு கிடையாது, தாளம் இம்மிகூட நகராது. ரசித்துக் கேட்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் கால் பழகுவதற்கு அவைதான் சரி.

லேபிளையும் அதன் ஓரத்தையும் படிப்பது

இனி தட்டைக் கையில் எடுக்கலாம். இதில் நடன இசைத்தட்டு என்று மட்டும் இல்லை, அந்தக் கால நாய் மார்க் தட்டு எதை எடுத்தாலும் பொருந்தும் விஷயங்கள் உண்டு.

வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டுக் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் வரை வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் அழுத்தப்பட்ட எண்கள்தான் தட்டின் பிறப்புச் சான்றிதழ். லேபிளில் இருக்கும் பட்டியல் எண் கடைக்காரருக்கானது. இந்த எண்ணோ ஒலிப்பதிவுக்கே உரியது. கடைசியில் கோடு போட்டு 1, 2 என்று இருந்தால் எத்தனையாவது முறை பாடியது என்று பொருள்.

எண்ணுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு முக்கோணம் தெரிந்தால் அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் முறையில், மைக் வைத்துப் பதிவானது. 1925க்கு முன்னால் மைக் கிடையாது. பெரிய கூம்பு வடிவக் குழலுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று சத்தமாகப் பாட வேண்டும். பௌலியின் அந்த நெருக்கமான குரல் சாத்தியமானதே மைக் வந்த பிறகுதான். முக்கோணத்துக்குப் பதிலாகச் சதுரம் இருந்தால் அது ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்குக் கொடுக்கவேண்டிய உரிமைத்தொகையைத் தவிர்ப்பதற்காகவே கொலம்பியா கம்பெனி அவரிடம் அந்த வேலையைக் கொடுத்தது. கொலம்பியாவும் எச்.எம்.வி.யை நடத்திய கிராமபோன் கம்பெனியும் 1931ல் இணைந்து ஈ.எம்.ஐ. ஆயின, அதே ஆண்டு நவம்பரில் ஆபி ரோடு ஸ்டூடியோ திறந்தது. கொலம்பியா தட்டுகளில் இதே அடையாளங்கள் வட்டத்துக்குள் டபிள்யூ, வட்டத்துக்குள் சி என்று வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அச்சான எச்.எம்.வி. தட்டில், லேபிளுக்கு வெளியே கடிகாரத்தில் 3 மணி இருக்கும் இடத்தில் ஓரிரு ஆங்கில எழுத்துகள் தெரியும். அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும் சங்கேதம். ‘கிராமபோன் லிமிடெட்’ என்ற பெயரைப் பத்து எழுத்தாகச் சுருக்கி, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4, ஓ என்றால் 5, பி என்றால் 6, எச் என்றால் 7, எல் என்றால் 8, டி என்ற ஒலியுள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது 9, இரண்டாவது 0 என்று வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு ‘ஜி’ மட்டும் இருந்தால் முதல் அச்சிலிருந்து வந்த தட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

மலிவு லேபிள்களை ஒதுக்காதீர்கள். உல்வொர்த் கடைகளில் ஆறு பென்ஸுக்கு விற்ற எட்டு அங்குல எக்லிப்ஸ், ஒன்பது அங்குல கிரவுன், ஒரு ஷில்லிங் ரெக்ஸ் போன்றவற்றில்தான் புனைபெயர்கள் அதிகம். இல்லாத குழுக்களின் பெயர்கள் லேபிளில் இருக்கும், உள்ளே வாசித்தது பெரும்பாலும் ஜே வில்பர் நடத்திய ஸ்டூடியோக் குழு. பாடகருக்கும் வேறு பெயர் போட்டிருப்பார்கள். குரலைப் பழகிய காதுக்கு அந்த வேடமெல்லாம் நிற்காது. உறுதிசெய்ய வளைய எண்ணைக் கொண்டு பதிவுப் பட்டியல்களில் தேடலாம். பிரயன் ரஸ்ட் என்பவர் தன் வாழ்நாளையே இந்தப் பட்டியல் வேலைக்குக் கொடுத்தார். எந்தத் தேதியில் யார் யார் வாசித்தார்கள் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் உழைப்பு. ஆனால் முதலில் காது, அப்புறம் பட்டியல். வரிசையை மாற்றினால் படித்ததைத்தான் கேட்பீர்கள்.

வாங்கும்போது, துடைக்கும்போது, ஓட்டும்போது

மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா, அதேதான். நடுத்துளையில் விரலை விட்டுத் தூக்கி, ஓரத்தில் நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். கணீரென்றால் நல்ல தட்டு. மொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. பாட்டுக் கோடுகள் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால், பழைய எஃகு ஊசி தின்றுவிட்டது என்று பொருள். மேலே தெரியும் கீறல் அவ்வளவு பெரிய விஷயமில்லை. கீறல் சத்தத்தைக் காது பழகிக்கொள்ளும், தேய்ந்துபோனது திரும்ப வராது.

இந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை, அரக்கோடு கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியவை. உலகத்துக்கு அந்த அரக்கில் பெரும்பகுதி போனது இந்தியாவிலிருந்துதான். சோட்டாநாக்பூர் காடுகளில் புரச மரக் கிளைகளில் பூச்சிகள் விட்ட பிசின், கப்பலேறி லண்டனில் தட்டாகி, அதில் சில கல்கத்தா வழியாக நம் ஊர் அலமாரிகளுக்கே திரும்பி வந்தன. இரண்டாம் உலகப் போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். அப்படி எத்தனை குரல்கள் போயின என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாமல் நான் ஒரு தட்டை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். இரண்டு நிமிடத்தில் பளபளப்பு போய்ப் பால்போல மங்கியது, முதல் நாற்பது நொடி பாட்டு இன்று வெறும் இரைச்சல். ஆகவே வடிகட்டிய தண்ணீர், அதில் ஒரு சொட்டு மென்மையான பாத்திரம் துலக்கும் திரவம், மெல்லிய தூரிகை. கோடுகள் போகும் திசையிலேயே வட்டமாகத் தடவுங்கள், லேபிளில் ஈரம் படக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, நிமிர்த்தி வைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுக்கிவைப்பதும் நிமிர்த்தித்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நம் ஊர் வெயிலுக்கு அடியில் இருப்பது தட்டையாக இருக்காது, தோசைக்கல்போல வளையும்.

ஓட்டுவதற்குச் சாவி கொடுக்கும் கிராமபோன் அழகானதுதான், ஆனால் அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேல் எடையோடு தட்டை அழுத்தும். பக்கத்துக்கு ஒரு புது எஃகு ஊசி என்பது கட்டாயம். அரிய தட்டை அதில் போடாதீர்கள். 78 வேகம் உள்ள மின்சார டர்ன்டேபிளும், 78க்கென்றே செய்த முள்ளும் இருந்தால் போதும். அந்த முள்ளின் நுனி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, பின்னாளில் வந்த நெடுந்தட்டான எல்.பி.யின் முள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. எல்.பி. முள்ளைப் போட்டால் கோட்டின் அடியில் இறங்கி அழுக்கை உழுதுகொண்டு போகும், பாட்டு மேலேயே நின்றுவிடும். ஆம்ப்ளிஃபையர் எல்.பி.க்காகச் செய்யப்பட்டது என்பதால் ஒலி மந்தமாகக் கேட்கும். டிரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, பாஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கேட்டதைப் பதிவேற்ற ஆசை வந்தால் ஒரு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டுகளில் முடிந்துவிடும், ஆகவே 1930களின் பதிவு எல்லோருக்கும் பொது. ஆனால் பாட்டின் உரிமை எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு. ரே நோபிள் இறந்தது 1978ல்.

அடுத்து யாரை

பௌலியும் ரோசிங்கும் காதில் நின்றபிறகு ஆம்ப்ரோஸின் குழுவோடு பாடிய சாம் பிரவுனையும் எல்சி கார்லைலையும் கேளுங்கள். பின்னாளில் புகழ்பெற்ற வீரா லின் 1937 முதல் அதே ஆம்ப்ரோஸிடம்தான் பாடினார். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கென் ஜான்சனைத் தவறவிடாதீர்கள். கறுப்பினக் கலைஞர்களைச் சேர்த்து அவர் அமைத்த குழுவின் ஸ்விங், அந்தத் துள்ளும் ஜாஸ் தாளம், லண்டனில் வேறு யாரிடமும் இல்லை. பதிவுகள் மிகக் குறைவு. 1941 மார்ச் 8 இரவு கஃபே த பாரி என்ற இரவு விடுதியில் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து அவர் இறந்தார். வயது 26. ஆறு வாரத்துக்குள், ஏப்ரல் 17 அதிகாலையில், ஜெர்மின் தெருப் பக்கத்தில் வெடித்த பாராசூட் கண்ணிவெடிக்கு ஆல் பௌலி பலியானார். முந்திய மாலை ஹை விக்கம் என்ற ஊரில் பாடிவிட்டு, அங்கேயே தங்காமல் கடைசி ரயிலில் வீடு திரும்பியிருந்தார். அடையாளம் பிரிக்காமல் பலரோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

சரி, நம் ஊர்க் கடைகளில் தேடப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு பெயர். லண்டனுக்குப் போவதற்கு இரண்டு ஆண்டுகள் முன், பௌலி கல்கத்தாவில் இருந்தார். மொசாம்பிக்கில் பிறந்து ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்த அவர் ஒரு குழுவோடு கிழக்கே வந்து, அதிலிருந்து விலகி, கிராண்ட் ஹோட்டலில் ஜிம்மி லெக்கீமின் குழுவில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கச் சேர்ந்திருந்தார். பின்னாளில் லண்டனில் அவருக்குப் பியானோ வாசித்த மோனியா லைட்டரும் அதே குழுவில் இருந்தார். 1926ல் அந்தக் குழு கல்கத்தாவிலேயே எச்.எம்.வி.க்காக ஒரு தட்டு பதிவு செய்தது. பழைய தட்டுக் குவியலில் ‘லெக்கீம்ஸ் கிராண்ட் ஹோட்டல் ஆர்கெஸ்ட்ரா’ என்ற லேபிளைக் கண்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். அதில் பாஞ்சோ யார் என்று போட்டிருக்காது.